கூழ் இளகும்போது

(பொது அறிவியல் உரைத் தொடர் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் இரண்டு டம்ளர்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே பாத்திரத்திலிருந்து ஊற்றிய அரிசிமாவுக் கஞ்சி. கெட்டியாகக் காய்ச்சியது. கரண்டியைச் சாய்த்தால் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, பாருங்கள். சூடு 60 டிகிரி அளவில் இருக்கிறது. இடப்பக்க டம்ளரை நான் தொடப்போவதில்லை. வலப்பக்க டம்ளரில் ஒரு தேக்கரண்டி முளைகட்டிய கேழ்வரகு மாவைப் போட்டுக் கலக்கி வைக்கிறேன். அது தன் வேலையைப் பார்க்கட்டும்.

கொங்கு நாட்டில் எங்கள் அம்மாயி வீட்டில், கைக்குழந்தைக்குக் கூழ் காய்ச்சுவதற்கென்றே தனியாக ராகி முளைகட்டுவார்கள். ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, இரண்டு நாள் தொங்கவிடுவார்கள். வெள்ளை வேர் நீண்டதும் நிழலில் உலர்த்தி, கையால் கசக்கி, வேரை முறத்தில் புடைத்துத் தள்ளிவிட்டு, வாணலியில் இளஞ்சூட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுப்பார்கள். யாராவது தீயைத் தூண்டிவிட்டால் அம்மாயி பதறிப்போவார். “கருக உட்றாத கண்ணு, அப்பறம் கூழு எளகாது” என்பார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை சேதி இருந்தது என்பது கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. முளைவிடும் தானியத்தில் ஏதோ ஒன்று உண்டாகிறது. அது கூழை இளக்குகிறது. சூடு மிஞ்சினால் அது கெட்டுப்போகிறது. இந்த மூன்றையும் அம்மாயி அறிந்திருந்தார். இளகிய கூழ் எதற்கு என்றும் அறிந்திருந்தார். குழந்தையின் வயிறு சிறியது. சாதாரண மாவைக் கொஞ்சம் போட்டாலே கூழ் கெட்டிப்பட்டுவிடும். தண்ணீர் விட்டு நீர்த்தால் சத்து குறைந்துவிடும். முளைமாவில் காய்ச்சினால் ஒரே கிண்ணத்தில் அதிக மாவு போட்டும் குழந்தை விழுங்கும் பதத்தில் இருக்கும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1982-இல் முளைகட்டிய ராகியையும் பச்சைப்பயறையும் சேர்த்து இளகலான இணையுணவு ஒன்றை உருவாக்கினார்கள். அதற்கு அடிப்படை இதே இயல்புதான்.

கூழை இளக்கிய அந்த ஒன்றின் பெயர் அமைலேஸ். மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி. அது எப்படி இருக்கிறது, என்ன செய்கிறது, எங்கிருந்து வந்தது என்பதே இன்றைய பேச்சு.

மாவுச்சத்து என்பது செடி குளுக்கோஸைக் கோத்துக் கோத்து வைக்கும் சேமிப்பு. ஒரே வயலில் விளைகிற அரிசியும் வைக்கோலும் ஒரே குளுக்கோஸால் ஆனவைதான். வைக்கோலின் செல்லுலோஸில் ஒவ்வொரு குளுக்கோஸும் பக்கத்திலிருப்பதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. அதனால் சங்கிலி நேராக நீண்டு, மற்ற சங்கிலிகளோடு ஒட்டி, கயிறுபோல் இறுகிவிடுகிறது. அரிசியில் எல்லாக் குளுக்கோஸும் ஒரே பக்கம் பார்த்து நிற்பதால் சங்கிலி வளைந்து சுருளாகிறது. சுற்று ஒன்றுக்கு ஆறு குளுக்கோஸ். முன்னது பீட்டா பிணைப்பு, பின்னது ஆல்பா பிணைப்பு. இந்தக் கோண வேறுபாட்டினால்தான் சோறு நமக்கும் வைக்கோல் மாட்டுக்கும் போகிறது. மாட்டுக்கும்கூட அதைச் செரிக்கும் நொதி சொந்தமாகக் கிடையாது. வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் செரித்துக் கொடுக்கின்றன.

மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. ஏறக்குறைய கிளையே இல்லாத அமைலோஸ் ஒன்று. ஏறத்தாழ 25 குளுக்கோஸுக்கு ஒரு கிளை விட்டு மரம்போல் விரியும் அமைலோபெக்டின் இன்னொன்று. சமைக்கும்போது மாவுத்துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்பி உடைகின்றன. வெளியே வந்த நீளச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதே கஞ்சியின் கெட்டித்தன்மை.

இந்தச் சங்கிலிகளை அறுக்கும் அமைலேஸைப் பிரித்தெடுத்த கதைக்கு வருவோம். பாரிஸில் சர்க்கரை ஆலை நடத்திவந்த அன்செல்ம் பாயன், ழான் பிரான்சுவா பெர்சோ என்பவரோடு சேர்ந்து 1833-இல் செய்த வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். முளைகட்டிய பார்லியைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்த சாற்றில் சாராயத்தை ஊற்றினார்கள். வெண்ணிறப் படிவு ஒன்று அடியில் தங்கியது. உலர்த்தி எடுத்த அந்தப் பொடி தன் எடையைப்போல் 2000 மடங்கு மாவுச்சத்தைக் கரைத்தது என்று எழுதினார்கள். கொதிக்கவைத்தால் அதன் சக்தி போய்விட்டது. பிரிப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். இன்று லிப்பேஸ், லாக்டேஸ் என்று பெரும்பாலான நொதிகளின் பெயரில் வாலாக வருகிற ‘ஏஸ்’ அந்த டயஸ்டேஸின் கடைசி அசைதான். நொதியைக் குறிக்கும் ‘என்சைம்’ என்ற சொல்லே 1878-இல்தான் பிறந்தது. வார்த்தை வருவதற்கு 45 ஆண்டுகள் முன்பே பொருள் கையில் கிடைத்துவிட்டது.

முளைக்கும் விதைக்குள் நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். பார்லியில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. தண்ணீர் குடித்ததும் முளைக்கரு ஜிப்பரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. தானியத்தின் மாவுப்பகுதியைச் சுற்றி, தவிட்டை ஒட்டி, அலூரோன் என்ற உயிருள்ள மெல்லிய படலம் இருக்கிறது. மாவுப்பகுதியின் செல்கள் இறந்துபோனவை. அது வெறும் கிடங்கு. படலமோ காத்திருக்கிறது. ஜிப்பரெலின் வந்து தொட்டதும் அது ஆல்பா அமைலேஸைப் புதிதாகச் செய்து கிடங்குக்குள் அனுப்புகிறது. கரு கேட்காமல் கிடங்கு திறக்காது. இந்த ஏற்பாட்டை மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

டம்ளரைப் பார்த்துவிடுவோம். இடப்பக்கத்தில் கரண்டி அப்படியே நிற்கிறது. வலப்பக்கத்தில் கலக்கினால் மோர்போல ஓடுகிறது. தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டை இந்த வெள்ளைத் தட்டில் வைத்து, ஆறியபின் அயோடின் விடுகிறேன். ஆறவிடுவதற்குக் காரணம் உண்டு: சூட்டில் நிறம் நிற்காது. அமைலோஸ் சுருளின் நடுவே அயோடின் நுழைந்து வரிசையாக உட்காரும்போது கருநீலம் வரும். இடப்பக்கச் சொட்டு கருநீலமாகிவிட்டது. வலப்பக்கச் சொட்டு ஊதா. சுருள்கள் குட்டையாகிக்கொண்டிருக்கின்றன. கடைசியில் இன்னொரு முறை பார்ப்போம்.

இவ்வளவு விரைவில் இளகக் காரணம், ஆல்பா அமைலேஸ் சங்கிலியின் நடுவில் வெட்டுகிறது. ஆயிரம் கண்ணி உள்ள சங்கிலியில் நடுவே நான்கு இடத்தில் வெட்டினால் போதும், சிக்கல் அவிழ்ந்துவிடும். பீட்டா அமைலேஸ் அப்படியல்ல. அது சங்கிலியின் ஒரு நுனியில் தொடங்கி இரண்டிரண்டு குளுக்கோஸாக, அதாவது மால்டோஸாகக் கழற்றிக்கொண்டே போகும். இனிப்பு ஏறும், கெட்டித்தன்மை மெதுவாகத்தான் குறையும். சர்க்கரைவள்ளிக்கிழங்கில் இந்த நொதி ஏராளம். சாம்பலில் புதைத்து மெல்ல வெந்த கிழங்கு அத்தனை இனிப்பாக இருப்பது இதனால்தான். மாவு இளகிய பிறகும் நொதி கெடாமல் வேலை செய்ய மெதுவான சூடு நேரம் கொடுக்கிறது. கிளை வந்ததும் பீட்டா அமைலேஸ் நின்றுவிடும். மூன்றாவதாகப் பூஞ்சைகளின் குளுக்கோஅமைலேஸ். அது நுனியிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாக எடுக்கும், கிளையையும் மெதுவாக வெட்டும்.

மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆல்பா அமைலேஸ் ஆல்பா பிணைப்பையும் பீட்டா அமைலேஸ் பீட்டா பிணைப்பையும் வெட்டும் என்று எழுதிவிடுவார்கள். இரண்டும் வெட்டுவது ஆல்பா பிணைப்பைத்தான். 1925-இல் ரிச்சர்ட் கூன் இந்தப் பெயர்களை வைத்தது, வெட்டியபின் வெளிவரும் சர்க்கரையின் நுனி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பார்த்து. காற்றில் குடை மடங்கிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். பீட்டா அமைலேஸில் தண்ணீர் மூலக்கூறு எதிர்ப்பக்கமிருந்து நேராக வந்து தாக்குகிறது. குடை ஒரு முறை மடங்குகிறது, நுனி மாறிவிடுகிறது. ஆல்பா அமைலேஸில் முதலில் நொதியே சர்க்கரையைப் பிடித்துத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. அது ஒரு மடக்கு. பிறகு தண்ணீர் வந்து விடுவிக்கிறது. அது இன்னொரு மடக்கு. இரண்டு முறை மடங்கிய குடை பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. சர்க்கரைப் பிணைப்புகளை வெட்டும் நொதிகளுக்கு இந்த இரண்டு வழிகளே உண்டு என்று 1953-இல் உயிர்வேதியியலாளர் காஷ்லண்ட் காகிதத்தில் எழுதிக் காட்டினார். அப்போது எந்த நொதியின் வடிவத்தையும் யாரும் கண்டிருக்கவில்லை.

வடிவம் தெரிந்தது பின்னால். அந்தக் கதை பழைய மருந்து ஒன்றில் தொடங்குகிறது. 1894-இல் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே, அரிசியைப் புளிக்கவைக்கும் கோஜி பூஞ்சையிலிருந்து டயஸ்டேஸ் எடுத்து அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். டாகா டயஸ்டேஸ் என்ற பெயரில் அது செரிமான மருந்தாக விற்றது. அதே பூஞ்சையின் அமைலேஸைப் படிகமாக்கி, 1980-இல் ஒசாகா பல்கலைக்கழகக் குழுவினர் அதன் அமினோ அமிலச் சங்கிலி மடிந்திருக்கும் விதத்தைத் தடம்பிடித்தார்கள். உள்ளே எட்டுப் பட்டைகள் வட்டமாக நின்று பீப்பாய் ஆகின்றன. அவற்றைச் சுற்றி வெளியே எட்டுச் சுருள்கள். 1975-இல் கோழித்தசையின் ஒரு நொதியில் முதலில் கண்ட அதே பீப்பாய். அமைலேஸில் அதன் மூன்றாவது பட்டைக்கும் மூன்றாவது சுருளுக்கும் நடுவிலிருந்து ஒரு சிறு பகுதி துருத்திக்கொண்டு வருகிறது. அதற்கும் பீப்பாய்க்கும் இடையே ஒரு கால்சியம் அயனி ஆணிபோல் பொருந்தி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. பீப்பாயின் வாயில் ஒரு பள்ளம். மாவுச்சத்துச் சங்கிலி வந்து கிடப்பது அதில்தான். பள்ளத்தின் நடுவே மூன்று அமினோ அமிலங்கள்: இரண்டு அஸ்பார்ட்டிக் அமிலம், ஒரு குளூட்டமிக் அமிலம். நம் உமிழ்நீர் அமைலேஸில் 496 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. வெட்டும் வேலை இந்த மூன்றினுடையது. மற்றவை அந்த மூன்றையும் சரியான இடத்தில் நிறுத்துவதற்கும் சங்கிலியைப் பிடித்துக்கொடுப்பதற்கும் இருக்கின்றன.

அந்தப் பள்ளத்தை அடைத்துவிட்டால் நொதி நின்றுவிடும் என்பதை மனிதர்களுக்கு முன்பே மற்ற உயிர்கள் கண்டுபிடித்துவிட்டன. கேழ்வரகில் 122 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம் ஒன்று உண்டு. மாவு வண்டு வகை ஒன்றின் அமைலேஸோடு அது சேர்ந்திருக்கும் காட்சியை 1998-இல் படிகத்தில் படமெடுத்தார்கள். புரதத்தின் முனை நீண்டு போய் நேராகப் பள்ளத்தில் செருகிக்கொண்டிருக்கிறது. அதே புரதம் தன் இன்னொரு பக்கத்தால் டிரிப்சின் என்ற புரதச் செரிமான நொதியையும் ஒரே நேரத்தில் தடுக்கும். ஆக்டினோபிளேன்ஸ் என்ற மண்வாழ் பாக்டீரியாவோ புரதத்துக்குப் பதில் ஒரு போலிச் சர்க்கரையைச் செய்கிறது. வெட்டப்படும் தருணத்தில் சர்க்கரை எப்படி வளைந்திருக்குமோ அதே வளைவோடு அது பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், வெட்டுப்படாது. அதுதான் அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரை. முதல் கவளத்தோடு சாப்பிடச் சொல்வது ஏன் என்று இப்போது புரியும்: மாவுச்சத்து வருவதற்கு முன் பள்ளத்தில் இடம் பிடிக்க வேண்டும். செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு விருந்தாகிறது. வாயுத்தொல்லை அதனால் வருவது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

பீட்டா அமைலேஸும் பீப்பாய்தான். ஆனால் அமினோ அமில வரிசையை ஒப்பிட்டால் ஆல்பாவோடு உறவு காட்ட எதுவும் இல்லை. குளுக்கோஅமைலேஸில் பட்டைகளால் ஆன பீப்பாயே கிடையாது. ஆறு சுருள்கள் உள்ளே, ஆறு சுருள்கள் வெளியே என்று முழுக்கச் சுருள்களால் கட்டியது. 1991-இல் பெர்னார்ட் ஹென்ரிசா சர்க்கரைப் பிணைப்பை வெட்டும் நொதிகளைச் செய்யும் வேலையை விட்டுவிட்டு வரிசை ஒற்றுமையை வைத்துக் குடும்பங்களாகப் பிரித்தார். இன்று அந்தக் குடும்பங்கள் 180-ஐத் தாண்டிவிட்டன. ஆல்பா அமைலேஸ் 13-ஆம் குடும்பம், பீட்டா 14, குளுக்கோஅமைலேஸ் 15. பக்கத்துப் பக்கத்து எண்கள். உறவு மட்டும் இல்லை. இதற்குமேல் 57-ஆம் குடும்பம் ஒன்று இருக்கிறது. கொதிநீர் ஊற்றுகளிலும் கடலடி வெப்பவாய்களிலும் வாழும் நுண்ணுயிர்களில் கண்டது. அதற்கு ஏழு பட்டைகள் மட்டுமே உள்ள குறைப் பீப்பாய், வெட்டும் அமினோ அமிலங்கள் இரண்டு. அதுவும் மாவுச்சத்தை வெட்டுகிறது.

மாவுச்சத்தின் ஒரே பிணைப்பை வெட்டும் வேலைக்கு உயிர் உலகம் ஒரு தரம் அல்ல, பல தரம், ஒவ்வொரு முறையும் வேறு கருவியைக் கண்டடைந்திருக்கிறது.

மறுபக்கம் இன்னும் வியப்பானது. 13-ஆம் குடும்பத்துக்குள்ளேயே ஒரே பீப்பாயை வைத்துக்கொண்டு எதிரெதிர் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளைக்கும் நொதி என்று ஒன்று. அது சங்கிலியை வெட்டும், வெட்டிய துண்டைத் தண்ணீருக்குக் கொடுக்காமல் இன்னொரு சங்கிலியின் பக்கவாட்டில் ஒட்டவைத்துக் கிளையாக்கும். அமைலோபெக்டின் மரம் உண்டாவது அதன் கையால். மாவுச்சத்தைக் கட்டுகிறவரும் உடைக்கிறவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தேனீயின் சர்க்கரை நொதி ஒன்றும் இதே வீடுதான். வேலை ஒரு வழியில் இறங்கி வருகிறது, வடிவம் இன்னொரு வழியில் இறங்கி வருகிறது. ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகித்தால் ஏமாந்துபோவோம்.

வடிவமும் வேலையும் மாறாமல் உடம்பின் இறுக்கம் மட்டும் மாறியதற்கு அண்டார்டிக் கடல்நீரில் வாழும் ஒரு பாக்டீரியா சாட்சி. அதன் ஆல்பா அமைலேஸ் மற்ற பாக்டீரியாக்களுடையதைவிடப் பன்றியின் கணைய அமைலேஸையே அதிகம் ஒத்திருக்கிறது. விலங்கு அமைலேஸ்களின் அடையாளமான குளோரைடு அயனியும் அதில் இருக்கிறது. என்றோ ஒரு விலங்கின் மரபணு பாக்டீரியாவுக்குத் தாவியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் இதை நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். கடல் பாக்டீரியாவின் நொதி 44 டிகிரி அளவில் குலைந்துவிடுகிறது, பன்றியினுடையது 65 அளவில், மண் பாக்டீரியாவான பேசில்லஸ் ஒன்றினுடையது 86 அளவில். குளிரில் அசைய வேண்டியிருப்பதால் முதலாவதன் உட்பிணைப்புகள் தளர்வானவை. ஈரோடு, கரூர்ப் பக்கம் நெய்த துணியிலிருந்து பாவுக்குப் போட்ட கஞ்சியை நீக்கப் பயன்படுவதெல்லாம் பேசில்லஸ் வகைதான். சூட்டைத் தாங்க வேண்டிய வேலை அது.

நம்மிடம் மாறியது எண்ணிக்கை. சிம்பன்சிக்கு உமிழ்நீர் அமைலேஸ் மரபணு தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று, ஆக இரண்டு. மனிதர்களில் இரண்டிலிருந்து பதினைந்து வரை ஆளுக்கு ஆள் மாறுகிறது. 2007-இல் பெரி, டொமினி என்ற ஆய்வாளர்கள், மாவுச்சத்தை அதிகம் உண்ணும் மக்களிடம் சராசரியாக இந்தப் பிரதிகள் அதிகம் என்று காட்டினார்கள். விவசாயம் வந்ததன் விளைவு என்றே பலரும் அப்போது நினைத்தோம். 2024-இல் வந்த ஆய்வு அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. முதல் இரட்டிப்பு எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கலாம். நியாண்டர்தால்களிடமும் கூடுதல் பிரதிகள் இருந்திருக்கின்றன. அந்த இரட்டிப்புகள்மேல்தான் பின்னர் விவசாயம் தன் பங்கைச் சேர்த்தது. பிரதி குறைந்தவர்கள் பருமனாவார்கள் என்று 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே, கூர்மையான எண்ணும் முறையோடு செய்த ஆய்வில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. இந்த மரபணுவைக் காட்டி உங்களுக்கு உணவுத்திட்டம் விற்க யாராவது வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

நாயும் நம்மோடு சேர்ந்து மாறியது. ஓநாய்க்குக் கணைய அமைலேஸ் மரபணு இரண்டு. வீட்டு நாய்களில் நான்கிலிருந்து முப்பது வரை இருப்பதை 2013-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தினர் கண்டார்கள். ஆஸ்திரேலியாவின் டிங்கோவுக்கு இன்றும் இரண்டே. பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர் மிச்சம் வைத்த கஞ்சியும் ரொட்டியும் நாயின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கின்றன. எலிக்கும் பன்றிக்கும் இதே பெருக்கம் தனித்தனியே நடந்திருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு உறவினர். சிறுநீரகத்தில், வடிகட்டிய நீரிலிருந்து சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடத்தி ஒன்று இருக்கிறது. அதில் ஆர்பேட் என்று ஒரு புரதம். தொண்ணூறுகளில் அதன் வரிசையைப் படித்தவர்கள் திகைத்தார்கள். அது 13-ஆம் குடும்பத்து அமைலேஸ்களின் உறவு. அதே பீப்பாய், செல்லின் வெளிப்பக்கத்தில் நிற்கிறது. ஆனால் மாவுச்சத்தை வெட்டுவதில்லை. தன் கூட்டாளியான கடத்தியைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் நிலைக்கச் செய்வதும் இப்போது அதன் வேலை. பிறவியிலேயே அது பழுதானவர்களுக்குச் சிஸ்டின் சிறுநீரில் தேங்கிக் கல்லாகிறது. சின்ன வயதிலிருந்தே திரும்பத் திரும்பக் கல் வருகிற அந்த நோயாளிகளின் வலிக்கும், முளைக்கும் கேழ்வரகின் நொதிக்கும் ஒரே மூதாதை. செடிகளிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியின் ஒன்பது பீட்டா அமைலேஸ்களில் நான்காவதற்கு வெட்டும் திறன் இல்லை. ஆனாலும் அதை நீக்கிவிட்டால் இலையில் இரவில் மாவுச்சத்து சரியாகச் சிதைவதில்லை.

தட்டில் புதிதாக இரண்டு சொட்டு. இடப்பக்கம் பழையபடி கருநீலம். வலப்பக்கம் செம்பழுப்பு. நீளச் சுருள்கள் போய்விட்டன. எஞ்சியிருப்பவை கிளையுள்ள குட்டைத் துண்டுகள். ஆல்பா அமைலேஸால் கிளைப்பிணைப்பை வெட்ட முடியாது. அவற்றைச் சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் வேறு நொதிகள் பார்த்துக்கொள்ளும். டம்ளரில் அயோடின் விடவில்லை. உப்பும் ஏதும் போடவில்லை. முன்வரிசைக் குழந்தைகள் வந்து வலப்பக்கக் கஞ்சியை ஒரு கரண்டி வாயில் விட்டுப் பாருங்கள், இலேசாக இனிக்கும்.